ஏற்றி இறக்குகிறவன்

வேலையிடத்தில் அவனுக்கு நிதானம் என்று பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினோரு வருடம். நடுவழியில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு கூச்சல் போட, வெளியே நிற்பவர்கள் அதைவிடப் பெரிய கூச்சல் போட, இவன் மட்டும் பையைக் கீழே வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நிதானமா, நிதானமா" என்று சொல்லியபடி வேலையைத் தொடங்குவான். இந்த வயதில் இவ்வளவு பொறுமையா என்று கட்டடத்துக்காரர்கள் வியப்பார்கள். உண்மை வேறு. அவர்கள் போட்ட கூச்சலில் பாதி அவனுக்குக் கேட்கவே இல்லை.

இடது காது போய்விட்டிருந்தது. மொட்டை மாடி எந்திர அறைகளில் மோட்டாரோடு மோட்டாராக வருடக்கணக்கில் நின்றதில், கதவை மெல்ல மெல்லச் சாத்துவது போல அது அடைத்துக்கொண்டு வந்தது. காது கேட்காதவனைக் கம்பெனி எந்திர அறைக்குள் விடாது. அதனால் விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல மறைத்தான். கேட்காததற்கெல்லாம் தலையாட்டிவிடுவது என்று ஒரு வழி வைத்திருந்தான். மனிதர்கள் கேட்கிற கேள்விகளில் பத்தில் எட்டுக்கு ஆமாம் என்பதுதான் பதில். "ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடறான்" என்று அக்கா ஓயாமல் திட்டுவாள். வாங்குவதற்கே ஒரு காதுதான் இருக்கிறது என்று அவளிடம்கூட அவன் சொன்னதில்லை. அம்மா அப்பா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிற வேலை. முப்பத்து மூன்று வயதிலும் அவள் வீட்டு முன்னறையில்தான் அவனுடைய படுக்கை.

அன்றைக்கு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அக்கா புருஷனின் கருநீலக் கோட்டை அக்காவே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடது கோடியில் இருந்தவர் ஏதோ கேட்டார். இவன் தலையாட்டினான். மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலையைவிட்டு நிற்கும் எண்ணம் உண்டா என்று அவர் கேட்டிருக்கிறார் என்பது வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது.

முகம் தொங்கிப்போய்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தவனைக் கைப்பேசியில் மேலாளர் பிடித்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. கூட்டாளி கருவிப் பையோடு வந்துகொண்டிருக்கிறான். நீ முன்னால் போ என்றார். கோட்டோடேயே போனான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டான். இண்டர்காமில் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, யாரும் பேசவில்லை, காலியாகத்தான் இருக்கும் என்றார் அவர். எந்திர அறைச் சாவி மேல் மாடியில் கட்டட முதலாளி வீட்டில் இருந்தது. பன்னிரண்டு மாடியும் படியேறினான்.

அந்த வீட்டில் அன்று வேறொருவனுக்காகக் காத்திருந்தார்கள். முதலாளியின் பழைய தொழில் நண்பருக்கு ஒரே மகன், வெளிநாட்டில் படித்தவன், ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம். தங்கள் மகளும் அவனும் ஒரு தடவை பார்த்துப் பேசட்டும் என்று இரண்டு வீட்டிலும் முடிவு செய்திருந்தார்கள். படத்தில்கூடப் பார்த்ததில்லை. நேரில் பார்ப்பதுதான் மரியாதை என்று நண்பர் சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்னவன் பன்னிரண்டாகியும் வரவில்லை. அழைப்பு மணி அடித்ததும் வீட்டம்மாவே ஓடிவந்து கதவைத் திறந்தாள். கோட்டுப் போட்ட வாலிபன், நெற்றியெல்லாம் வேர்வை.

"ஐயோ, பன்னெண்டு மாடியும் ஏறியா வந்தீங்க? லிஃப்ட் இன்னைக்குன்னு பார்த்து நின்னுடுச்சு தம்பி."

"அதுக்காகத்தாம்மா வந்தேன்," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் அவனுடைய இடது பக்கமாக நகர்ந்து, குரலைத் தாழ்த்தி எதையோ கேட்டாள். அவன் தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலில் அவள் முகம் மலர்ந்துபோனது. கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய், பாதம் புதைகிற கம்பளத்தின்மேல் கிடந்த பெரிய சோபாவில் உட்காரவைத்தாள். பெரிய வீடுகளில் தண்ணீர் கொடுப்பதுண்டு, உட்காரச் சொன்னதில்லை. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டான்.

"சாவி குடுத்தீங்கன்னா..." என்று தொடங்கினான்.

"கார் சாவியா? கீழ காவலாளிகிட்ட குடுத்துட்டா அவரே நிறுத்திடுவாரு. நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குப் பதிலாக முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த கைக்கடிகாரம், எதையும் விலை மதிப்பது போன்ற பார்வை. எதிரே உட்கார்ந்து தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தார்.

"நமக்கென்ன சார், ஏத்துறதும் இறக்குறதும்தான். நாளெல்லாம் அதே வேலை."

ஏற்றுமதி இறக்குமதியை இவ்வளவு அடக்கமாகச் சொல்கிற பையனை அவர் பார்த்ததில்லை. இந்தத் துறையில் இப்போது சிக்கல் அதிகமாமே என்றார். ஆமாம் சார், நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரிய சிக்கல், நம் ஆள் போய் விடுவித்தால்தான் நகரும் என்றான் அவன். துறைமுகத்தில் சரக்கு முடங்குவதைச் சொல்கிறான் என்று அவர் ஆமோதித்தார். காப்பி வந்தது, கூடவே தட்டு நிறைய கேக்கும் வந்தது. சுவர்க் கடிகாரம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஏதோ தப்பு நடக்கிறது. என்ன தப்பு என்று பிடிபடவில்லை. ஆப்பசைத்த குரங்கு போல, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தான்.

அப்போது மகள் வந்தாள். அவள் காது மருத்துவர். நகர மருத்துவமனையில் கேட்புத் திறன் சோதிக்கிற பிரிவில் வேலை. இந்தச் சந்திப்பில் அவளுக்கு விருப்பமில்லை என்பது வந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் இரண்டு நிமிடத்தில் அவள் பார்வை கூர்மையானது. அப்பா பேசும்போதெல்லாம் அந்த ஆள் முகத்தை லேசாகத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறான். இடது பக்கத்திலிருந்து அம்மா கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறான். கோப்பையைப் பிடித்த விரல்களில், நகக் கண்களில், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு மசகு.

இவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி அவனைப் பால்கனிக்கு அழைத்துப் போனாள். யாரும் சொல்லாமலே அவனுடைய வலது பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"நீங்க யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்ங்க. மேல் அறைச் சாவி வாங்க வந்தேன்."

"உங்களை யாருன்னு நினைச்சு உக்கார வச்சிருக்காங்க தெரியுமா?"

அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு முழி பிதுங்கியது. மாப்பிள்ளைபோல நடித்து வீட்டுக்குள் புகுந்தான் என்று முதலாளி கம்பெனிக்கு ஒரு வரி எழுதினால் போதும், பதினோரு வருடமும் குப்பைக்குப் போய்விடும். இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். எதையோ உற்றுக் கேட்டாள்.

"யாரோ தட்டுறாங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

அவன் வலது காதைக் கூடத்துப் பக்கம் திருப்பினான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இரண்டு பேரும் கூடத்தைக் கடந்து வாசலுக்கு ஓடினார்கள். லிஃப்ட் கதவில் வலது காதை அழுத்தி வைத்துக்கொண்டான். தகரத்தை உள்ளங்கையால் அடிக்கிற ஓசை கீழேயிருந்து வந்தது. ஓங்கி ஒன்று, இடைவெளி, பிறகு சோர்ந்துபோன இரண்டு. பத்தாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே. உள்ளே ஆள் இருக்கிறது. அந்தக் கதவைத் தாண்டித்தான் அவன் ஏறி வந்திருந்தான். லிஃப்ட் அவனுக்கு இடது பக்கம் இருந்தது.

படியேறி வந்த காவலாளி, "என்ன லிஃப்ட்காரரே, இன்னும் சாவி வாங்கலையா?" என்றார். பின்னாலேயே வந்து நின்ற முதலாளியின் முகம் ஒரு நொடியில் கறுத்தது. வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் சார் லிஃப்ட் மெக்கானிக். என்னை அப்புறம் என்ன வேணா செய்ங்க. இப்போ சாவியும், கூட ஒரு ஆளும் வேணும்."

கூட்டாளி இன்னும் வழியில்தான் இருந்தான். வேறு வழியில்லை. வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். அதைக் காவலாளியிடம் கொடுத்து, பத்தாவது மாடியில் போய் நில்லுங்கள், நான் சொல்லாமல் திறக்கக் கூடாது என்றான். மகள் கைப்பேசியில் காவலாளியை அழைத்து இணைப்பைத் துண்டிக்காமல் எந்திர அறை வாசலில் நிற்க வேண்டும். பிரேக் நெம்புகோலைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. அங்கே கையும் காலும் திடமாக இருந்தவர் முதலாளி ஒருவர்தான்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு மோட்டாரின் முனையில் கைச்சக்கரத்தை மாட்டினான். கோட்டைக் கழற்றி எறிந்தான். "உள்ள ஒரே ஆள்னா எதிரே தொங்குற எடைதான் கனம் சார். பிரேக்கை விட்டதும் பெட்டி மேல ஓடப் பார்க்கும். நான் சொல்லும்போது இதை அழுத்துங்க, போதும்னா கையை எடுத்துடுங்க. பயம் வந்தாலும் எடுத்துடுங்க, அது தானா பிடிச்சுக்கும்." பிறகு அவளைப் பார்த்து, "எனக்கு ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கும். போன்ல அவர் சொல்றது எனக்குக் கேக்காது. நீங்க கையைக் காட்டுங்க. விரல் அசைஞ்சா வரலாம், உள்ளங்கை காட்டினா நிறுத்தணும்," என்றான். கேக்காது என்ற சொல் அவன் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது அதுதான் முதல் தடவை.

முதலாளி அழுத்தினார். சக்கரம் அவன் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது. மார்பால் முட்டுக்கொடுத்து அங்குலம் அங்குலமாக விட்டான். அவள் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. இன்னும் ஒரு சாண்தான் இருக்கும். திடீரென்று உள்ளங்கை விரிந்தது.

"சார், விடுங்க!"

அவர் கையை எடுத்தார். பிரேக் கவ்வியது. அவசரப்பட்ட காவலாளி முன்கூட்டியே கதவைத் திறந்துவிட, உள்ளே இருந்தவன் பெட்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டு கையையும் வெளியே நீட்டி ஏறப் பார்த்திருக்கிறான். அவள் கை ஒரு நொடி தாமதித்திருந்தால் அவன் விரல்கள் மிஞ்சியிருக்காது. போனில் அவள் இரண்டே சொல்லில் அந்த மனிதனை உள்ளே தள்ளச் சொல்லி, கதவைச் சாத்தவைத்தாள். மறுபடி விரல் அசைந்தது. முதலாளியின் நெற்றி வேர்வை நெம்புகோலில் சொட்டியது, அவர் துடைக்கவில்லை.

வெளியே வந்தவன்தான் நிஜமான ஏற்றுமதிக்காரன். படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தபிறகு அவளைப் பார்த்துக் கூச்சத்தோடு உண்மையைச் சொன்னான். அவனுக்கு வேறு ஒரு பெண் இருக்கிறாள்; அப்பாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் வந்திருக்கிறான். "லிஃப்ட் நின்னதும் நல்லதாப்போச்சுன்னு முதல்ல நான் சத்தமே போடலை. இண்டர்காம்ல கூப்பிட்டும் பேசலை. அப்புறம்தான் மூச்சு முட்டுச்சு. யாரோ படியேறிப் போற சத்தம் கேட்டு விடாம தட்டினேன். அந்த ஆள் நிக்கவே இல்லை."

நிதானம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முதலாளி புகார் கொடுத்துவிட்டார். ஆள்மாறாட்டம் என்று எழுதியிருந்தார். அந்த அவமானத்தை அவரால் செரிக்க முடியவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் மாலை முதலாளியின் மகள் அவன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் கோப்பு, கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை. கம்பெனியிலிருந்து வேவு பார்க்க வந்த அதிகாரி என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. என் தம்பி அப்பேர்ப்பட்டவன் இல்லை என்று தொடங்கிப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய நற்சான்றிதழ் வரைக்கும் அடுக்கினாள்.

"அவர் காது விஷயமா பேச வந்தேங்க."

"அவன் காதுக்கு என்ன? நல்லாத்தான் கேக்குது. இப்போ பாருங்க." முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் இடது பக்கமாகப் போய்க் கூப்பிட்டாள். இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. மூன்றாவது தடவை அவள் குரல் பாதியில் நின்றுவிட்டது. அவன் காலணியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறான் என்று எத்தனை வருடம் திட்டியிருக்கிறாள். நிழல் ஆடுவதைக் கண்டு அவன் திரும்பியபோது, அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் முதலாளியின் மகள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நடித்து ஏமாற்றவில்லை, காது கேட்காமல்தான் தலையாட்டினான் என்று சாட்சி சொன்னால் புகார் நிற்காது என்றாள் அவள். ஆனால் அதைச் சொன்னால் எந்திர அறை வேலை போய்விடும். "சொல்லட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன். இது உங்க காது. நானா சொல்லக்கூடாது."

மறுநாள் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலாளருக்கும் முதலாளிக்கும் எதிரில் அவனே எழுந்து சொன்னான். "இடது காது எனக்குக் கேக்காது சார். நாலு வருஷமா மறைச்சேன். அந்தம்மா என்ன கேட்டாங்கன்னு இப்பவும் எனக்குத் தெரியாது. அது பெரிசில்லை. உள்ள இருந்தவர் தட்டினதும் எனக்குக் கேக்கலை. அடுத்த தடவை உள்ள இருக்கிறது ஒரு குழந்தையா இருந்தா?"

முதலாளி நெம்புகோலைப் பிடித்த தன் கையைப் பார்த்தார். பிறகு புகாரை வாங்கி, ஆள்மாறாட்டம் என்ற வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளைக்கூடப் பார்க்காமல் வெளியேறினார். வேலை போகவில்லை. மின்பலகை பழுதுபார்க்கும் பட்டறைக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளர் பதவி வேறொருவனுக்குப் போனது.

சோதனைக்கு அவளிடமே போனான். சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். அவன் அமுக்கிக்கொண்டே இருந்தான். அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"இப்போ நான் எந்த ஒலியும் அனுப்பலை. கேட்டா மட்டும் அமுக்குங்க. என்கிட்ட தலையாட்ட வேண்டாம்."

காது கருவி பொருத்தின அன்று மருத்துவமனை வராந்தாவில் தன் காலடி ஓசையைக் கேட்டு அவன் திகைத்து நின்றான். கருவியைச் சரிசெய்யப் பத்து நாளுக்கு ஒரு தடவை போனான். சரியாக இருந்தபோதும் போனான். நன்றாக இருக்கிற கருவியை அவளும் கழற்றிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் குறித்துக் கொடுத்தாள். ஒன்றரை வருடம் இப்படி ஓடியபிறகு, இனிமேல் வெளியே பார்க்கலாமே என்று அவள்தான் சொன்னாள்.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் முதலாளி வீட்டில் இடி விழுந்தது போலாயிற்று. லிஃப்டை ஏற்றி இறக்குகிறவனுக்கா என் பெண் என்று அவர் மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. வீட்டம்மாதான் ஒருநாள், "மாப்பிள்ளைன்னு கூப்பிட்டு முதல்ல உக்கார வச்சது நாமதானே," என்று முணுமுணுத்து அவர் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அக்கா, அவள் புருஷன், கூட்டாளி, வீட்டம்மா, இவ்வளவுதான் கூட்டம். முதலாளி வரவில்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நிதானம் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. சமையலறைச் சுவர் ஓரமாகப் போய் விரல் மடக்கித் தட்டினார்.

"இந்தச் சுவர் ஏன் இப்படி ஓதம் காத்திருக்கு?"

மேல்வீட்டுக் குழாய் கசிகிறது, வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம் என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிமெண்டு மூட்டையோடு மூன்று கொத்தனார்கள் வந்து இறங்கினார்கள். அவளுக்கு வந்ததே கோபம். எட்டு மாதம் எட்டிப் பார்க்காதவர் சுவரைப் பார்க்க மட்டும் வருவாரா என்று அப்பாவுக்குப் போன் செய்து கத்தினாள். அந்தப் பக்கமிருந்து அவரும் கத்தினார். கருவி போட்ட காதில் இரண்டு பேர் குரலும் நன்றாகவே விழுந்தது. அவன் கருவியைக் கழற்றவில்லை. இரண்டு கொத்தனார்களை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, வயதான ஒருவரை நிறுத்திக்கொண்டு, பழைய சட்டையை மாட்டி அவரோடு சேர்ந்து சுவரைக் கொத்தத் தொடங்கினான். மதியம் அவள் மூன்று பேருக்கும் தேநீர் போட்டாள். பூச்சு காயப் பத்து நாள் பிடிக்கும் என்றார் கொத்தனார். பத்தாம் நாள் முதலாளி தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.